முன்சீட்டில் நான் இல்லாத நாள்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. கல்யாணமாகி நீடாமங்கலத்துக்கு வந்த நாளிலிருந்து நான் தனியாகப் போன அதிகபட்ச தூரம் எங்கள் வீட்டிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும்தான். மற்றபடி வளைகாப்போ துக்கமோ, எதுவானாலும் என் வீட்டுக்காரர் குணசேகரன் காரை எடுப்பார், நான் முன்சீட்டில் ஏறிக்கொள்வேன்.

ஒரு வருஷமாக அந்த முன்சீட்டில் நான் சும்மா உட்கார்ந்து வருவதில்லை. சர்க்கரை அவர் கண்ணில் கை வைத்துவிட்டது. தஞ்சாவூர் கண் டாக்டர் நேராகவே சொன்னார், "சார், இனிமே வண்டி ஓட்டாதீங்க" என்று. வெளியே வந்ததும் இவர், "நேத்து படிச்சுட்டு வந்த பையன், இவனுக்கு என்ன தெரியும்?" என்றார். அதே காரில் என்னை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டும் வந்தார்.

அன்றிலிருந்து நான் கதை பேசுவது போல ரோட்டைச் சொல்லிக்கொண்டே வருவேன். "அந்த லாரிக்காரன் என்ன வேகத்துல வர்றான் பாருங்க." "அய்யோ, அந்த ஆட்டுக்குட்டி நடு ரோட்டுல நிக்கிற அழகைப் பாருங்களேன்." உடனே அவர் கால் பிரேக்குக்குப் போகும். இந்தப் பேச்சு எதற்கென்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதை வெளியே சொல்லிக்கொண்டதில்லை. வீடு வந்து இறங்கும்போது பயத்தில் என் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கிடக்கும்.

பொங்கல் கழிந்து ஒருநாள், வலங்கைமான் ரோட்டில் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தேன். அவ்வளவுதான். நிமிர்வதற்குள் சைக்கிளில் வந்த ஒருத்தர் எங்களுக்கு ஒதுங்கப் போய் வாய்க்காலில் விழுந்துவிட்டார். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு எழுந்து திட்டிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்ததும் நான் காரை விற்றுவிடச் சொன்னேன்.

"வித்துட்டு? எதுல போவே, பஸ்லயா? நீயா?" என்று சிரித்தார். "ஒண்ணு செய். ஒத்தையா பஸ்ல போயி தஞ்சாவூரைச் சுத்திப் பாரு. அப்படியே நாகப்பட்டினம் போயி கடலைப் பாத்துட்டு வா. மறுநாளே வண்டிய வித்துடறேன். நடுவுல 'வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னு போன் வந்துச்சுன்னா, அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

என்னால் முடியாது என்று தெரிந்துதான் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் சரி என்றுவிட்டேன். கோபம் இறங்கியதும் ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

பக்கத்து வீட்டு நஜ்மாதான் வழி சொல்லித் தந்தாள். அவள் மகள் தினமும் தஞ்சாவூருக்கு பஸ்ஸில் காலேஜ் போகிறாள். "காலையில தஞ்சாவூர் பஸ்ல ஏறுங்கக்கா. அரண்மனை, பெரிய கோயிலெல்லாம் பாத்துட்டு அங்கேருந்தே நாகப்பட்டினம் பஸ்ஸப் புடிங்க. அது திரும்ப நம்ம வீட்டு வழியாத்தான் போவும். பயமா இருந்தா எறங்கி வீட்டுக்கு வந்துருங்க" என்று கண்ணடித்தாள்.

ஒரு வாரம் மனசுக்குள்ளேயே அந்தப் பயணத்தைப் போய்ப் போய் வந்தேன். எந்தப் பக்கம் வெயில் அடிக்கும், எங்கே சாப்பிடுவது, எங்கே பாத்ரூம் இருக்கும், அதற்கேற்ப எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், தூங்கிப்போனால் யார் எழுப்புவார்கள் என்று எல்லாவற்றுக்கும் பயந்து, எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை வைத்திருந்தேன். கிளம்பும்போது, இது எல்லாவற்றையும்விடப் பெரிய யோசனையாக, ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்து என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். நான் பக்கத்தில் இல்லாமல் அவர் வண்டியைத் தொடக் கூடாது.

தஞ்சாவூர் வரை ஒன்றும் ஆகவில்லை. அரண்மனையில் ஒரு கூட்டத்தின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு சுற்றினேன். பெரிய கோயிலில் புல்தரையில் உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டேன். என்னை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

அந்தக் கர்வத்தோடு பழைய பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். நாகப்பட்டினம் பஸ் வருகிற வழியாகவே தெரியவில்லை. கடைசியில் ஒரு பூக்காரம்மாவிடம் கேட்டேன். "அது புது பஸ் ஸ்டாண்டுலல்ல கெளம்பும்? இங்க எதுக்கு நிக்கிறே?" என்றாள். நஜ்மா படித்துப் படித்துச் சொன்னதை மறந்திருக்கிறேன். எதையும் யோசிக்காமல் அவருக்குப் போன் போட்டேன்.

"ஏங்க..." என்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

"எங்க நிக்கிற? என்னாச்சு? நான் வரேன் இரு."

அந்த 'வரேன்' என்ற வார்த்தையில்தான் எனக்குப் புத்தி வந்தது. "வேண்டாம்! நீங்க வராதீங்க. ஒண்ணுமில்ல, நான் நாகப்பட்டினம் போறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மூக்கைச் சிந்திக்கொண்டு டவுன் பஸ் பிடித்துப் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய், மூன்று பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறினேன்.

நீடாமங்கலம் வந்ததும் வழக்கம்போல ரயில்வே கேட் மூடியிருந்தது. நீளமான கூட்ஸ் வண்டி ஒன்று ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. இறங்கி நடந்தால் வீடு. என் கால் இறங்கத் துடித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட் திறந்து பஸ் நகர்ந்தபோது, எங்கள் வாசலை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று ஜன்னலோரம் சாய்ந்தேன்.

வாசலில் கார் இல்லை.

கைப்பையைத் திறந்து பார்த்தேன். சாவி இருந்தது. அப்புறம்தான் நினைவு வந்தது. வண்டி வாங்கும்போது இரண்டு சாவி தந்தார்கள். இன்னொன்று பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பீரோவில் கிடந்தது.

போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் போனை எடுக்க மாட்டார். அந்த நல்ல பழக்கத்தை அன்றைக்குச் சபித்தேன். நஜ்மாவைக் கூப்பிட்டேன். "அண்ணன் அப்பவே காரை எடுத்துட்டுக் கெளம்பிட்டாங்களே அக்கா. நீங்க அழுதீங்களாமே? நாகப்பட்டினத்துல முன்னாடியே போயி நிக்கிறேன்னு சொன்னாங்க."

நான் அழுதேன், அவர் கிளம்பிவிட்டார். ஆட்டுக்குட்டியைச் சொல்ல ஆளில்லை. லாரியைச் சொல்ல ஆளில்லை.

அதன் பிறகு அந்த பஸ்ஸில் நான் வந்ததை எப்படிச் சொல்வது? ரோட்டோர வாய்க்கால் ஒன்று விடாமல் எட்டிப் பார்த்தேன், எங்கள் காரின் வெள்ளைக் கூரை தெரிகிறதா என்று. ஒரு ஆம்புலன்ஸ் எங்களைத் தாண்டிப் போனது. கொரடாச்சேரியில் ரோட்டை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. சீட்டிலிருந்து எழுந்து, "அடிபட்டது யாரு? வெள்ளைக் காரா?" என்று கத்தியே விட்டேன். "நெல்லு லாரி அச்சு முறிஞ்சு நிக்குதும்மா, ஒக்காருங்க" என்றார் கண்டக்டர். பஸ்ஸே திரும்பி என்னைப் பார்த்தது. காலையில் நான் எதற்கெல்லாம் பயந்தேனோ, அதெல்லாம் ஒரு பயமா என்று இருந்தது.

நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். கார்கள் நிற்கிற இடமெல்லாம் ஓடிப் பார்த்தேன். எங்கள் கார் இல்லை. கடல் ரொம்பத் தூரமில்லை, காற்றில் மீன் வாசம் வந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, திரும்பத் திரும்பப் போன் செய்தேன். எடுக்கவில்லை. போலீஸிடம் போகலாமா, போனால் என்ன சொல்வது? என் புருஷனுக்குக் கண் தெரியாது, அது தெரிந்தேதான் ஓட்டவிட்டேன் என்றா?

திருவாரூர் பக்கமிருந்து இன்னொரு பஸ் வந்து நின்றது. எல்லாரும் இறங்கிய பிறகு, கடைசியாக ஒருத்தரைக் கண்டக்டர் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டார். "நாகப்பட்டினம் வந்துடுச்சுங்க. பாத்து எறங்குங்க."

என் வீட்டுக்காரர்தான். கையில் பை இல்லை, போன் இல்லை. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றார். ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். எப்போதும் ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுக்கிறவர் தலை குனிந்து நின்றார்.

"வண்டி எங்கங்க?"

"லாரி தொந்தரவு இருக்காதுன்னு உள் ரோட்டுல போனேன்" என்றார். "ரோட்டுல நெல்லு காயப் போட்டிருந்தாங்க, ஈஸ்வரி. எனக்குத் தெரியல."

"அப்புறம்?" என்றேன்.

"நெல்லு மேலயே ஏறிப் போயிட்டேன். கத்துற சத்தம் கேட்டுத்தான் பிரேக்கப் போட்டேன். எறங்கிப் பாத்தா, பம்பருக்கு முன்னால ஒரு பொம்பள, நெல்லுக்குக் காவலா குடையைப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கு. எந்திரிக்கக்கூட நேரமில்ல அதுக்கு." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கண்ணு சரியா தெரியலம்மான்னு சொன்னேன். அந்தப் பொம்பளதான் மெயின் ரோட்டு வரைக்கும் கூட்டியாந்து, கண்டக்டருகிட்ட சொல்லி பஸ் ஏத்தி விட்டுச்சு. போனு வண்டியிலயே கெடக்கு."

கண் தெரியவில்லை என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அதுவும் என்னிடம் முதலில் சொல்லவில்லை, யாரோ ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறார். வரப்பில் நின்று ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்து, இன்னும் ஒரு வெயில் காய வேண்டும் என்று சொல்கிற மனுஷர் அவர். நெல் எது, ரோடு எது என்று தெரியாமல் வண்டியை விட்டிருக்கிறார். எந்திரிக்க நேரமில்லாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் என் கண்ணிலேயே நின்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டாவது சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கிக் கைப்பையில் முதல் சாவியோடு போட்டேன்.

"கடலைப் பாத்தியா?" என்றார்.

"இல்ல."

"பந்தயம் பந்தயம்தான். பாத்துட்டுத்தான் போவணும்." அவர் எதிரே நின்ற பஸ்ஸின் போர்டைப் பார்த்துக் கண்ணை இடுக்கினார். என் உள்ளங்கை அளவு பெரிய எழுத்து. "இது எங்க போவுது?"

அவருக்குப் படித்துச் சொன்னேன். அது கும்பகோணம் போகிற பஸ். கடற்கரைக்கு எது போகும், எங்கே இறங்க வேண்டும், திரும்பி வர எது கிடைக்கும் என்று எனக்கும் ஒன்றும் தெரியாது. யாரிடமாவது கேட்க வேண்டும். இனிமேல் எல்லா இடத்திலும் நான்தான் கேட்க வேண்டும். பயம் எனக்குக் கொஞ்சமும் குறையவில்லை. அவர் என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

"படி இருக்கு, பாத்து வாங்க" என்றேன்.