பேராசிரியருக்கு எதிராகப் பேராசிரியர்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கோவை நீதிமன்றத்தில் ஒரு பெரியவர் மேல்முறையீட்டில் வாதாடுவதைப் பார்த்தேன். ஒரு வாக்கியத்தைக்கூட அவர் பாதியில் விடவில்லை. நான் தினமும் நாலைந்தை விடுகிறவன். இவரை ஒருமுறையாவது திணறடித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நிஜத்தில் நடக்காது, கதையில் நடக்கும்.

தொடக்கம்: சுந்தரராஜுலு நீதியின்

(வேண்டாம். 'நீதியின்' என்று ஆரம்பித்த எதுவும் உருப்பட்டதில்லை.)

2

சுந்தரராஜுலு, சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் சட்டம் கற்பித்து ஓய்வு பெற்றவர். உயில்களைப் பற்றி அவர் எழுதிய தடித்த புத்தகம் இல்லாத வக்கீல் ஆபீஸ் ஊரில் கிடையாது. இப்போது மேல்முறையீடுகள் மட்டும் எடுக்கிறார். அழுகையெல்லாம் கீழ்க்கோர்ட்டோடு முடிந்திருக்கும், மேலே சட்டம் மட்டும் வரும் என்பது அவர் கணக்கு.

டெய்சி கருமத்தம்பட்டிக்காரர். அப்பா உயில் எழுதிக் கொடுத்த வீட்டில் இருக்கிறார். அந்த உயில் செல்லாது என்று அண்ணன் சைமன் போட்ட வழக்கில், கீழ்க்கோர்ட்டில் டெய்சி தோற்றுவிட்டார். சுந்தரராஜுலு அவருக்காக எடுத்திருக்கும் இந்த மேல்முறையீட்டிலும் தோற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

(முதல் பிரதியில் டெய்சியை அழவைத்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை.)

3

சைமனின் வக்கீல் நவ்யா, பேராசிரியரின் பழைய மாணவி. எழுந்து ஒரு புத்தகத்தைப் பிரித்து வாசித்தார்: "உயிலால் பலன் பெறுபவர், அது எழுதப்படும்போது அருகில் இருந்தாலே அந்த உயிலை நம்பக் கூடாது."

"யார் எழுதினது?" என்றார் நீதிபதி.

"எங்க சாருங்க" என்றார் நவ்யா, மிகுந்த மரியாதையுடன்.

தவளை தன் வாயால் கெட்டது. இவர் புத்தகம் போட்டுக் கெட்டார்.

மதிய இடைவேளையில் பேராசிரியர் வராந்தாவில் டெய்சியைப் பிடித்தார்.

"ஏனுங்க அம்மணி, உயில் எழுதறப்ப நீங்க எதுக்குப் பக்கத்துல நின்னீங்க?"

"அப்பா படுத்த படுக்கையா இருந்தாருங்க. தூக்கி உக்கார வெச்சதே நானுங்க. உட்டுப்போட்டு எங்கீங்க போறது?"

"புத்தகத்துல அப்படிப் போட்டிருக்குங்களே."

"எழுதுனவரு தப்பா எழுதிப்போட்டாருன்னு சொல்லிப்போடுங்க சார். அதுக்காக அவரு ஊட்டைக் காலி பண்ணவா போறாரு?"

(எழுதியவர் யார் என்று டெய்சிக்குத் தெரியும். உள்ளே கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.)

4

முடிவு ஒன்று: "அந்த வரி தவறு" என்கிறார் பேராசிரியர். வீடு தப்பிக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரியை எழுதாத மாணவர்களுக்கு மார்க் போடாமல் ஃபெயிலாக்கியவர் இவர்.

முடிவு இரண்டு: அந்த வரி டெய்சிக்குப் பொருந்தாது என்று சுற்றி வளைத்து

(நவ்யா விடமாட்டார். சுற்றி வளைப்பவரை மடக்கக் கற்றுக்கொடுத்ததும் பேராசிரியர்தான்.)

திணறடிக்க ஆசைப்பட்டேன், திணறுகிறார். இப்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மேலே பாருங்கள், உருப்படாத 'நீதியின்' என்ற சொல்லைக்கூட என்னால் அடிக்க முடியவில்லை. அவரைப் பார்த்து, உங்கள் வரியை அடியுங்கள் என்று எந்த வாயால் சொல்வேன்?

கோர்ட் மறுபடி கூடியது. சுந்தரராஜுலு எழுந்து, "கனம் நீதிபதி அவர்களே, அந்தப் புத்தகத்தின் ஆசிரியர்" என்று தொடங்கி, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினார். பின்வரிசையில் டெய்சி உட்கார்ந்திருக்கிறார்.

மீதியை நீங்கள் முடியுங்கள். அவசரம் வேண்டாம். உங்களுக்கும் எனக்கும் இன்றைக்குப் போய்ப் படுக்க வீடு இருக்கிறது.