ஜன்னல் வைத்த செருப்பு

ஒராஸ்காலியின் வலது கால் கட்டைவிரலுக்குக் கஜகஸ்தானின் தால்திகோர்கான் நகரமே நன்றிக்கடன் பட்டிருந்தது. அது நகரத்துக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக அவர் மாணவனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருகிறார். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. மாணவன் மிதிக்க மறந்ததை அந்தக் கால் மிதிக்கும்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு காலையில் அந்த விரல் சிவந்து வீங்கி, போர்வை உரசினாலே உயிர் போகிற நிலைக்கு வந்தது. மருத்துவர் ரௌஷான் ரத்தத்தைச் சோதித்துவிட்டு யூரிக் ஆசிட் ஐந்நூற்று அறுபது என்றார். முந்நூற்று அறுபதுக்குள் இருக்க வேண்டுமாம். கீல்வாதம், பிள்ளை பேரனுக்கும் வரலாம் என்றார்.

"இறைச்சி நிறையச் சாப்பிடுவீங்களா?"

"அதிகமில்லைங்க."

"வாரத்துக்கு எத்தனை நாள்?"

"குதிரையைச் சேர்த்தா, சேர்க்காமலா?"

"குதிரையும் இறைச்சிதான்."

ஒராஸ்காலி வியப்போடு மனைவி ரிஸ்தியைப் பார்த்தார். ரிஸ்திக்கும் அது புதுச் செய்தி.

ஈரல் கூடாது, எலும்பு சூப் கூடாது, பீர் கூடாது, மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார் மருத்துவர். ஒராஸ்காலி வலி நிற்கும்வரை மாத்திரை சாப்பிட்டார். வலி நின்றதும் மாத்திரையை நிறுத்தினார். மூன்று முறை இப்படி நடந்தது. இரண்டாவது முறை ரிஸ்தி கத்தரிக்கோலை எடுத்து, அவருடைய கம்பளிச் செருப்பில் கட்டைவிரலுக்கு நேராக வட்டமாக ஒரு ஜன்னல் வெட்டிக் கொடுத்தாள். நான்காவது முறை மாத்திரைகளைத் தேயிலை டப்பாவுக்குள் போட்டு வைத்தாள். மாத்திரையை விழுங்காமல் தேநீர் கிடையாது. ஏழு மாதத்தில் கணக்கு முந்நூற்று நாற்பதுக்கு இறங்கியது. விரலும் வேலைக்குத் திரும்பியது.

அந்த நேரம் பார்த்துத்தான் மகன் தௌலென் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றான். பெண் மெருயெர்த், சர்கந்த் ஊர்க்காரி. அப்பா கிதிராலி குதிரை வளர்க்கிறவர். நல்ல குடும்பம். செப்டம்பரில் நிச்சயம் என்று முடிவானது.

நிச்சயம் என்றால் பெண் வீட்டில் செம்மறி அறுத்து, அதன் ஈரலையும் வால்கொழுப்பையும் வேகவைத்து, மாப்பிள்ளை வீட்டாருக்குக் கையால் ஊட்ட வேண்டும். பெண் காதில் தோடு போடுவது, மேலங்கி போர்த்துவது எல்லாம் அதற்கு அப்புறம்தான். அந்த ஈரலைத் தின்றுவிட்டால் பிறகு யாரும் பேச்சு மாற முடியாது. தின்னாவிட்டால், வந்தவர்களுக்குப் பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

ஒராஸ்காலி மருத்துவரிடம் ஓடினார்.

"ஒரே ஒரு துண்டு ஈரல்?"

"துண்டுன்னா எவ்வளவு?"

அவர் கையை மடக்கிக் காட்டினார்.

"அது துண்டு இல்லைங்க, ஆடு. நகம் அளவு வேணா சாப்பிடுங்க. மாத்திரையை விட்டுடாதீங்க."

"யாராவது வாயில திணிச்சா?"

"வாயை மூடிக்கங்க."

வீட்டில் ரிஸ்தி வேறு மருந்து வைத்திருந்தாள். "விஷயத்தை அங்கே மூச்சு விடக் கூடாது. உங்க பக்கம் ஏழு தலைமுறையையும் விசாரிச்சிருக்காங்க. ஆறு தலைமுறையில ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லைன்னு சொல்லியாச்சு. ஏழாவதா நீங்க நொண்டிக்கிட்டு நிக்காதீங்க."

"தின்னா நாளைக்கு நொண்டுவேன். தின்னலைன்னா இன்னிக்கே நிச்சயம் நொண்டும். நான் என்னதான் செய்ய?"

"தின்னுட்டு நொண்டாம இருங்க."

பயிற்சி வண்டியிலேயே கிளம்பினார்கள். ஒராஸ்காலி, ரிஸ்தி, ரிஸ்தியின் தம்பிகள் இருவர். கூரையில் பயிற்சிப் பலகையைக் கழற்ற மறந்துவிட்டதால் சர்கந்த் வரை எல்லா லாரிகளும் ஒதுங்கி வழி விட்டன.

கிதிராலி வாசலிலேயே கட்டிப்பிடித்து வரவேற்றார். பெரிய உடம்பு, சின்னக் குரல். உள்ளே நுழைகிற இடத்தில் ஒராஸ்காலி குனிந்து பூட்ஸைக் கழற்றினார். அங்கே வரிசையாக வீட்டுச் செருப்புகள். அதில் ஒரு கம்பளிச் செருப்பு, இடது காலுடையது. அதன் கட்டைவிரல் பக்கம் வட்டமாக ஒரு ஜன்னல். ஓரமெல்லாம் மடித்து, பச்சை நூலால் அழகாகத் தைத்திருந்தது.

ஒராஸ்காலி குனிந்தபடியே கொஞ்சநேரம் இருந்தார்.

"பூட்ஸ் இறுக்கமா, சம்பந்தி?" என்றார் கிதிராலி.

"இல்லை, சம்பந்தி. வசதியா இருக்கு."

விருந்தில் அவர் கண் சம்பந்தியைவிட்டு அகலவில்லை. கிதிராலி எல்லோருக்கும் இறைச்சி வெட்டி வைத்தார், எல்லோருக்கும் சூப் ஊற்றினார், வாய் மட்டும் ரொட்டியை மென்றது. ரிஸ்தியின் தம்பிகள் மூன்றாவது கோப்பை வோட்காவில் பாட ஆரம்பித்தார்கள். கிதிராலி தண்ணீரை உயர்த்தி அவர்களை வாழ்த்தினார். அவர் மனைவி நசிபா அவர் தட்டையே கவனித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை ஒராஸ்காலிக்கு நன்றாகத் தெரியும். அது தேயிலை டப்பாவைக் காக்கிற பார்வை.

கிதிராலியின் அக்கா குல்பாஷ் எழுந்தாள். கூட்டத்தில் அவளுக்குத்தான் பெரிய கை.

"போன தடவை சின்னத் தம்பி பொண்ணைக் கேட்டு வந்தவங்க ஈரலைக் கைக்குட்டையில துப்பிட்டுப் போனாங்க. மூணே மாசத்துல பேச்சு முறிஞ்சுது. அதனால இந்தத் தடவை ஊட்டறதும் நான்தான், வாயைத் திறந்து பார்க்கறதும் நான்தான். தட்டு காலியாகாம ஒருத்தரும் எழுந்திருக்கப் போறதில்லை. இதோ கொண்டு வரேன்."

அவள் அடுப்படிக்குப் போனதும் ஒராஸ்காலி எழுந்தார்.

"சம்பந்தி, உங்க குதிரையைப் பார்க்கணும்."

"இப்பவா?"

"இப்பவே."

விருந்தாளி குதிரை பார்க்க வேண்டும் என்றால் மறுக்க முடியாது. இருவரும் கொல்லைக்குப் போனார்கள்.

"அருமையான குதிரை," என்றார் ஒராஸ்காலி, பார்க்காமலே.

"அது பசு, சம்பந்தி."

"இருக்கட்டும். எந்தக் கால்?"

"பசுவுக்கா?"

"உங்களுக்கு. செருப்பைப் பார்த்தேன்."

கிதிராலி வேலியைப் பார்த்தார். "அது எலி கடிச்சது."

"எலி ஓரம் மடிச்சுத் தைக்காது, சம்பந்தி."

கிதிராலி வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, சின்னக் குரலை இன்னும் சின்னதாக்கினார். "இடது."

"எனக்கு வலது."

இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

"கணக்கு எவ்வளவு?"

"போன வருஷம் ஐநூத்தி எண்பது."

"இப்ப?"

"இப்பப் பார்க்கலை. வலி போயிடுச்சு, மாத்திரையை விட்டுட்டேன்."

"நானும் மூணு தடவை விட்டேன். மூணு தடவையும் அதுவா வந்து ஞாபகப்படுத்திட்டுப் போச்சு."

"நசிபா இதை வெளியில சொல்லாதேன்னுட்டா. உங்க பக்கம் ஏழு தலைமுறையா ஒரு குறையும் இல்லையாமே?"

"ஆறுதான்," என்றார் ஒராஸ்காலி.

கிதிராலி யோசித்தார். முகம் மெல்ல மாறியது. "அப்ப நமக்குப் பொறக்கப்போற பேரனுக்கு?"

"ரெண்டு பக்கமும் இருக்கு."

பசு புல்லை அசை போட்டுக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் மருத்துவர் சொன்னபடி சாப்பிடுகிற ஒரே ஜீவன் அதுதான்.

"நிறுத்திடலாமா, சம்பந்தி?" என்றார் கிதிராலி. "பொண்ணு அழுவா. ஆனா..."

"என் பையன் சாப்பிடாமப் படுத்துக்குவான்."

"அது உடம்புக்கு நல்லதுதான்."

"சம்பந்தி, என் வண்டியில ரெண்டு பிரேக். ஓட்டறவன் மிதிக்கலைன்னா நான் மிதிப்பேன். இருபத்திரண்டு வருஷமா ஒருத்தன் மேலயும் மோதினதில்லை. நம்ம ரெண்டு பேருக்கும் வந்தப்ப சொல்றதுக்கு வீட்டுல ஆள் இல்லை. அந்தப் பேரன் சின்ன வயசுலயே ஈரல்ல கை வெச்சா ரெண்டு பக்கமும் தாத்தா கத்துவோம். எத்தனை பேருக்கு அந்த வசதி இருக்கு?"

கிதிராலி இதைக் கொஞ்சநேரம் மென்றார். ரொட்டியை மென்றதுபோலவே, நிதானமாக.

"சரி. நிச்சயம் நடக்கட்டும். ஆனா தட்டு காலியாகணுமே. அக்காவை உங்களுக்குத் தெரியாது."

"நான் தின்னுடறேன்."

"நீங்க எந்தக் கால்னு சொன்னீங்க?"

"வலது."

"நாளைக்கு ஊருக்கு யார் வண்டி ஓட்டறது?"

"நான்தான். மச்சான்கள் பாடிக்கிட்டிருக்காங்க."

"எனக்கு இடது. இடது கால் குதிரை ஏறத்தான். குதிரை ஒரு வாரம் சும்மா நிக்கும், உங்க வண்டி நிக்குமா?" கிதிராலி நிமிர்ந்தார். "நான் தின்னுக்கறேன்."

"நீங்க மாத்திரையே சாப்பிடறதில்லை, சம்பந்தி!"

"பொண்ணு என்னோடது," என்று சொல்லிவிட்டு கிதிராலி உள்ளே நடந்தார்.

குல்பாஷ் தட்டோடு காத்திருந்தாள். ஈரலும் கொழுப்பும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே தயிர் ஊற்றியிருந்தது. அவள் கை நிறைய அள்ளி ஒராஸ்காலியின் முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். "வாயைத் திறங்க, சம்பந்தி."

ஒராஸ்காலி அதிலிருந்து நகம் அளவு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, எல்லோரும் பார்க்க மென்று விழுங்கினார். மிச்சம் வாய்க்கு வருவதற்குள் கிதிராலி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையிலிருந்ததை முழுக்கத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"டேய், இது சம்பந்திக்குடா!"

"சம்பந்தியும் நானும் வேறயா?" என்றார் கிதிராலி, வாய் நிறைய.

அடுத்த கைப்பிடியும் அப்படியே போனது. அதற்கடுத்ததும். நசிபா எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். ரிஸ்தியின் தம்பிகள் கை தட்டினார்கள். தட்டு காலியானதும் குல்பாஷ் அதைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"பொண்ணைக் கட்டிக்கொடுக்க இவ்வளவு ஆசையா இவனுக்கு? ஓநாய் மாதிரி தின்னுட்டானே! சரி, நிச்சயம் ஆச்சு. ஆனா சம்பந்தி சரியாச் சாப்பிடலை." சாப்பிடாதவருக்கு உண்டான தண்டனையாக ஒராஸ்காலியின் முகம் முழுக்க மாவைப் பூசினாள். ஒராஸ்காலி கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டார். ரிஸ்தி மெருயெர்த்தின் காதில் தோடு போட்டாள்.

மறுநாள் காலைத் தேநீருக்குக் கிதிராலி வரவில்லை.

"பொண்ணு போயிடுவாளேன்னு ராத்திரியெல்லாம் முனகினான், பாவம்," என்றாள் குல்பாஷ். "அவ்வளவு பாசம்."

ஒராஸ்காலி வாசலுக்குப் போய், வரிசையிலிருந்து அந்த இடது செருப்பை எடுத்துக்கொண்டு கிதிராலியின் அறைக்குப் போனார். போர்வைக்கு வெளியே ஒரு கால் மட்டும் தனியாகப் படுத்திருந்தது. விரல் பளபளவென்று சிவந்திருந்தது. அவர் செருப்பைக் கட்டிலடியில் வைத்தார்.

"நிச்சயம் ஆயிடுச்சுல்ல?" என்றார் கிதிராலி.

"ஆயிடுச்சு."

"அப்ப பரவாயில்லை."

"பரவாயில்லை இல்லை. இன்னிக்கே டாக்டரைப் பாருங்க. என்ன நடந்ததுன்னு மறைக்காமச் சொல்லுங்க."

"போன் பண்ணிட்டேன். ஒரு துண்டு ஈரல் தின்னேன்னு சொன்னேன். துண்டுன்னா எவ்வளவுன்னு கேக்கறாங்க."

தேநீரோடு நசிபாவும், விடைபெற ரிஸ்தியும், என்ன இவ்வளவு நேரம் என்று பார்க்கக் குல்பாஷும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ரிஸ்தியின் பார்வை கட்டிலடிக்குப் போனது. அவள் குனிந்து செருப்பைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். பச்சை நூலை விரலால் தடவினாள்.

"நீங்களா தைச்சது?" என்றாள் நசிபாவிடம். "எவ்வளவு நேர்த்தி! நான் வெறுமனே கத்தரிக்கோலால வெட்டி விட்டுட்டேன். ஓரம் பிரிஞ்சு பிரிஞ்சு வருது."

அப்புறம்தான் ரிஸ்தி தான் சொன்னதைத் தானே கேட்டாள்.

குல்பாஷ் செருப்பைப் பார்த்தாள். தம்பியின் விரலைப் பார்த்தாள். பிறகு ஒராஸ்காலியின் காலைப் பார்த்தாள்.

"எந்தக் கால்?" என்றாள்.

"வலது," என்றார் ஒராஸ்காலி.

குல்பாஷ் பெருமூச்சு விட்டாள். ஈரல் தின்றாகிவிட்டது, இனி அவளாலும் ஒன்றும் செய்ய முடியாது. "நசிபா, மாத்திரை எங்கே இருக்கு? கொண்டா. இந்த வீட்டுல ஊட்டறது நான்தான்."