உட்கார்ந்து பார்த்துக் கொடுக்கவும்

"இதுக்கு மேல ஒரு ஸ்டூலுக்குக்கூட இங்க இடமில்ல, தம்பி," என்று அக்கா சொல்லிவிட்டாள். ஆறு வருடத்தில் அவள் ஒன்றை வேண்டாம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

பழைய சோபாவின் பாதி பின்னறைக்குள்ளும் பாதி நடையிலுமாக மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு முனையைப் பிடித்திருந்த தம்பி மருந்துக் கம்பெனி ஒன்றில் மேலாளர். எழுபது பேரை வேலை வாங்குகிறவர். மறுமுனையில் அவர் மனைவி. கூடத்தில் புது சோபா, உறை பிரிக்காமல் பளபளத்துக்கொண்டிருந்தது.

கணவன் இறந்த பிறகு அக்கா இந்த வீட்டுக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து அடுப்படி அவள் பொறுப்பு. பின்னறை அவள் இடம். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததல்ல, தானாக வந்தது: எது உடைந்தாலும் அக்காவின் அறைக்குப் போகும். கதவு மூடாத அலமாரி, ஆடுகிற மேசை, ரசம் போன கண்ணாடி எல்லாம் அங்கேதான் இருந்தன. அவள் படுக்கும் கட்டிலின் நடுப்பலகை பிளந்து, கீழே செங்கல் முட்டுக்கொடுத்திருந்தது. புரண்டு படுத்தால் செங்கல் சரியும் என்பதால், புரளாமல் தூங்கப் பழகியிருந்தாள். உடைந்ததோடு உடைந்ததாக அவளையும் சேர்த்துவிட்டார்கள். கேட்பவர்களிடம் மட்டும், "அக்காவை நாங்கதான் வச்சுக் காப்பாத்தறோம்" என்பார்கள்.

"தருமக் கடைக்குக் குடுத்துடலாங்க," என்றாள் மனைவி. "இல்லாதவங்க யாராவது உக்காந்துட்டுப் போகட்டும். நமக்கும் புண்ணியம்."

குப்பையும் ஒழியும், புண்ணியமும் சேரும் என்றால் யாருக்குக் கசக்கும்? மேலாளர் உடனே ஒரு வேனைப் பிடித்தார். போகிற வழியில் சோபா சரியாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே! அக்கா பின்னால் ஏறிக்கொண்டாள்.

தருமக் கடை ஒரு பழைய கிடங்கில் நடந்தது. ஊரார் தரும் சாமான்களை அங்கே குறைந்த விலைக்கு விற்பார்கள். கையில் காசில்லாதவர்கள் கேட்டால் இலவசமாகவே வீட்டில் கொண்டுபோய் இறக்குவார்கள். வாசலில் ஒரு பலகை: 'உட்கார்ந்து பார்த்துக் கொடுக்கவும்.' அதன் அடியில் கடையின் பொறுப்பாளர் அம்மாள், கழுத்தில் அளவு நாடாவும் கையில் சுத்தியலுமாக நின்றிருந்தாள்.

"உக்காருங்க சார்."

"பரவால்ல, நின்னுட்டே பேசறேன்."

"நீங்க கொண்டு வந்த சோபாவுல உக்காருங்க சார். அஞ்சே நிமிஷம். கட்டிலா இருந்தாப் படுக்கச் சொல்லுவோம். இங்க அதுதான் சட்டம்."

மேலாளர் பெரிய மனது பண்ணி, வேனிலிருந்து இறக்கி வைத்த சோபாவில் உட்கார்ந்தார். இரண்டாவது நிமிடத்தில் ஸ்பிரிங் தன் வேலையைக் காட்டியது. துள்ளி எழுந்தார். காலொடிந்த மூலை தரையில் 'டங்'கென்று இடித்தது.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா, மேடம்?"

"பல்லைப் பாக்கல சார். கால் இருக்கான்னுதான் பாக்கறோம்."

வேன் ஓட்டுநர் சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார்.

"ஏழைங்களுக்கு இது போதாதா?"

"ஏழைக்கும் முதுகு முதுகுதானே சார். இங்க வர்றதுல பாதி இப்படித்தான். அதைக் குப்பைக்கு அனுப்பற பாடும் எங்களுக்குத்தான். உங்க வீட்டு மனுஷங்களுக்கு ஆகாதது எங்களுக்கும் வேணாம்."

மேலாளருக்கு ரோசம் வந்துவிட்டது. "யாரு ஆகாதுன்னா? இதோ எங்கக்காவையே கேளுங்க! இதைவிட மோசமான கட்டில்லதான் ஆறு வருஷமாப் படுக்கறாங்க. ஒரு வார்த்தை சொன்னதில்ல!"

சொல்லிவிட்டு, வழக்கில் ஜெயித்தவர் போல நிமிர்ந்து பார்த்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணலுக்குக் கெட்டது தெரியவுமில்லை.

பொறுப்பாளர் அம்மாள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வேன் பக்கம் போனாள். "இறங்கி வாங்கம்மா. முதுகு எப்படி இருக்கு?"

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.

"நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுக்கா," என்று தம்பி கண்ணைக் காட்டினார்.

சொல்லியிருக்கலாம். தலைக்கு மேலே இருக்கும் கூரை அவருடையது. உண்ணும் சோறு அவருடையது. ஆனாலும், "நல்லா இல்லம்மா," என்றாள். "காலையில எழுந்து நிமிரவே கால் மணி நேரம் ஆகுது. இந்த சோபாவை யாருக்கும் குடுத்துடாதீங்க." ஒரு மூச்சு விட்டுவிட்டுக் கேட்டாள்: "எனக்கு ஒரு கட்டில் கிடைக்குமா? சின்னதா இருந்தாலும் பரவால்ல, முழுசா இருந்தாப் போதும்."

"அக்கா!" மேலாளர் பல்லைக் கடித்தார். "நம்ம வீட்டுல உனக்கு என்ன இல்ல?"

"கட்டில் இல்ல, தம்பி."

பொறுப்பாளர் அம்மாள் வேறெதுவும் கேட்கவில்லை. இல்லாதவர்களுக்கான படிவத்தை நீட்டினாள். விலாசம் என்ற இடத்தில் அக்கா, கம்பெனி மேலாளரின் மாடி வீட்டு விலாசத்தைக் கதவு எண் பிசகாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலையில் தருமக் கடை வண்டி அந்த வீட்டு வாசலில் வந்து நின்றது. அதன் பக்கவாட்டில், 'வசதியற்றோருக்கு எங்கள் அன்பளிப்பு' என்று முழ நீள எழுத்து. எதிர்வீட்டு மாடியில் நாலு தலைகள் முளைத்தன.

"அண்ணி, பின்பக்கமாக் கொண்டு வரச் சொல்லுங்களேன். எல்லாரும் பாக்கறாங்க," என்று மேலாளரின் மனைவி அக்காவிடம் கெஞ்சினாள்.

"பின்வாசல்ல நுழையாதும்மா. முன்வாசல் வழியாவே வரட்டும்."

"போச்சு, மானமே போச்சு!" என்று மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

"மானம் ஒண்ணும் போகல, தம்பி. கட்டில்தான் வந்திருக்கு."

பிளந்த கட்டிலை அக்கா தானே இழுத்துத் தெருவில் போட்டாள். புதுக் கட்டிலில் விரிப்பைப் போட்டு, சும்மா ஒரு நிமிடம் படுத்துப் பார்க்கலாம் என்று தலையைச் சாய்த்தவள் அப்படியே தூங்கிப்போனாள். மத்தியானம் ஒரு மணிக்குக் கணவனும் மனைவியும் பின்னறை வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தார்கள். எழுப்பவில்லை. திரும்பி அடுப்படிக்குப் போனார்கள். அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்று இருவருக்குமே தெரியவில்லை.