வேண்டியதை இங்கே கொடுங்கள்

1

இந்தக் கதை என் வெட்கத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வீடு மாற்றியபோது சேர்ந்த பழந்துணி மூட்டையை, வீடிழந்த குடும்பங்கள் தங்கும் விடுதி ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பெரிய கொடையாளி என்ற நினைப்பு. பின்பக்க அறையில் இருந்த பெண் என் கண்ணெதிரே மூட்டையைப் பிரித்தாள். ஒரு கால்சட்டையின் ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். அது பாதியில் நின்றுவிட்டது.

"இதைப் போட்டுக்கிட்டு நீங்க வேலைக்குப் போவீங்களா?" என்று கேட்டாள். கோபமே இல்லாமல் கேட்டதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

அவளை நாலு வாங்கு வாங்கத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதக் கட்சி மாறிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "மழை கொட்டிய ஒரு மாலையில், துயரமே உருவான அந்தப் பெண்—"

வேண்டாம். நான் போனது பட்டப்பகல். அவள் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது: "ஈகை என்பது மனித குலத்தின்—" இது கதையா, பரிசளிப்பு விழாவா?

மூன்றாவது: பொத்தான் அக்கா அந்த அறையில் ஒன்பது வருடமாகத் துணி பிரிக்கிறாள். (குப்பைக்குப் போகும் சட்டையிலிருந்தும் பொத்தானை வெட்டி எடுத்துவிடுவாள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.) சரி, இது நிற்கும்.

அவளுக்கு ஒரு சோகமான முன்கதையும் கொடுத்துப் பார்த்தேன். இறந்துபோன குழந்தை, குடிகாரக் கணவன், இப்படி. எதுவும் அவளுக்குப் பொருந்தவில்லை. கணவன் நல்ல மனிதன், லாரி ஓட்டுகிறான். கையில் இருப்பதை அடுத்தவர் தலையில் கட்டும் பழக்கம் என்னை இன்னும் விடவில்லை.

3

அறையில் மூன்று குவியல். கொடுக்கலாம், தைத்தால் கொடுக்கலாம், குப்பை. மூன்றாவதுதான் எப்போதும் ஆள் உயரம். ஒற்றைச் செருப்பு, மூடியில்லாத குக்கர், யாரோ பாதி தீர்த்த ஷாம்பு, "அன்புள்ள அத்தைக்கு" என்று பெயர் வெட்டிய கோப்பை. மேலே மாடியில் நாற்பது குடும்பங்கள் இருந்தன. கீழே இந்தக் கூத்து நடந்தது.

விடுதி மேற்பார்வையாளர் ஒருநாள் வந்து, குப்பை வண்டி வாரத்துக்கு மூன்று தடவை வருகிறது, இதற்கு ஒரு அறை எதற்கு, மாதக் கடைசியில் பூட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கெட்டவர் இல்லை. கணக்காகப் பேசுகிறவர். பூட்டினால் அவளுக்கு வேலை இல்லை. மாடிக்காரர்களுக்குக் குவியலிலிருந்து தேறுகிற கொஞ்சமும் இல்லை.

அவள் ஒரு காரியம்தான் செய்தாள். வாசல் பலகை உரிந்து அசிங்கமாக இருக்கிறதே, புதிதாக இருந்தால் நல்ல பொருளாக வருமோ என்று கொழுந்தனைக் கூப்பிட்டாள். கொழுந்தன் பெயிண்டர். காசு வாங்க மாட்டான், அதனால் திட்டவும் முடியாது.

4

பழைய பலகையில் இருந்த வாசகம்: உங்களுக்கு வேண்டாததை இங்கே கொடுங்கள்.

அவன் எழுதி மாட்டியது: வேண்டியதை இங்கே கொடுங்கள்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நீங்கதானே அண்ணி எழுத்து பெருசா இருக்கணும்னீங்க. 'உங்களுக்கு'க்கு இடம் பத்தல."

"அது போகட்டும். 'வேண்டாததை' எங்கேப்பா?"

அவன் பலகையை நிமிர்ந்து பார்த்தான். உதட்டை அசைத்து இரண்டு தடவை படித்தான். "ரெண்டே எழுத்துதான் அண்ணி. காயட்டும், நாளைக்கு மாத்திடறேன்."*

* இந்த இடத்தை நான் ஜோடித்தேன் என்று நினைப்பீர்கள். எழுதிப் பாருங்கள். ஐந்தெழுத்தில் இரண்டு மாறினால் போதும், முழுப் பேச்சும் தலைகீழாகிவிடுகிறது.

5

மறுநாள் காலை, கொழுந்தன் வருவதற்குள் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் மூட்டையோடு வந்தார். பலகையைப் படித்தார். மூட்டையைத் தரையில் வைத்தார்.

"வேண்டியதைன்னா, யாருக்கும்மா? என்ன வேணும் அவங்களுக்கு?"

அவள் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்பது வருடம் அதே கட்டிடத்தில் இருந்தும், ஒருநாள்கூட அவள் மாடியேறிக் கேட்டதில்லை. கழுத்துவரை வெட்கமாக இருந்தது. (எனக்கு அந்த வெட்கம் தெரியும்.)

"ஒரு பத்து நிமிஷம் இருங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

முதல் கதவில், எது கொடுத்தாலும் சரி என்றார்கள். இரண்டாவதிலும் அதேதான், மூன்றாவதிலும் அதேதான். நாலாவது கதவில் அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எது குடுத்தாலும்னு ஒரு சாமான் எந்தக் கடையிலயும் இல்லம்மா. யோசிச்சுச் சொல்லு."

உள்ளே இருந்த பெண் தன் அலமாரியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஒரு பூட்டு. அலமாரிக்கு. சாவி என்கிட்ட மட்டும் இருக்கணும்."

6

டிரைவர் தன் மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார். மாலையில் புதுப் பூட்டோடு வந்தார். இரண்டு சாவியும் உறை பிரிக்காமல் இருந்தன.

பலகையைத் திருத்த வந்த கொழுந்தனிடம், தூரிகையை உள்ளே வைக்கச் சொன்னாள். மாடியில் கேட்டெழுதிய சீட்டுகளை அறைச் சுவர் முழுக்க ஒட்டினாள். இடக்கைக்காரருக்கு ஒரு கத்தரிக்கோல். திங்கட்கிழமை ஓட்டல் வேலைக்குச் சேர, பத்தாம் நம்பர் கறுப்பு ஷூ. உடை மாற்ற ஒரு மறைப்புத் துணி, உள்ளே தெரியாத மாதிரி. கொண்டுவருகிறவர்கள் படித்தார்கள், முணுமுணுத்தார்கள், ஒரு சீட்டைக் கிழித்துக்கொண்டு போனார்கள், சரியாக அதையே கொண்டுவந்தார்கள். ஷூ ஞாயிறு மதியம் வந்து சேர்ந்தது. போட்டுக்கொண்டு படியிறங்கிய மனிதர் வேண்டுமென்றே சத்தமாக நடந்தார். மாடியே எட்டிப் பார்த்துச் சிரித்தது. குப்பை வண்டிக்காரர் மூன்றாவது குவியலைக் காணாமல் உள்ளே வந்து, உடம்பு சரியில்லையா என்று அவளை விசாரித்துவிட்டுப் போனார்.

7

மாதக் கடைசி. இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) மேற்பார்வையாளர் கண்ணீர் மல்க— சினிமா. அடித்துவிட்டேன்.

(ஆ) அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டும் பூட்டுகிறார். இதை எழுதினால் ஆழமான எழுத்தாளர் என்பார்கள். பரவாயில்லை, எனக்கு மனம் வரவில்லை. இவள் ஜெயிக்கட்டும்.

(இ) அவர் கையில் பூட்டோடு வந்தார். சுவரைப் படித்தார். அடுத்த சீட்டை ஒட்ட இடமில்லாமல் அவள் கதவில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"சுவரு பத்தலையேம்மா. பக்கத்து ரூமையும் எடுத்துக்க" என்றார். போகும்போது ஒரு சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதை அவள் பார்த்துவிட்டாள்.

அன்றைக்கே பக்கத்து அறையைத் திறந்து பெருக்கினாள். சுவர் வெறிச்சென்று இருந்தது. "முதல் சீட்டு நீங்க எழுதுங்க அண்ணி. உங்களுக்கு என்ன வேணும்?" என்றான் கொழுந்தன். யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. சிரித்தாள், பேனாவை வாங்கினாள், கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள்.

என்ன எழுதினாள்? "ஜன்னலோரம் ஒரு நாற்காலி" என்று எழுதினேன். அடித்தேன். "பத்து நாள் லீவு" என்று எழுதினேன். அதையும் அடித்தேன். அவளுக்கு வேண்டியதை அவளைக் கேட்காமல் நானே முடிவு செய்கிறேனே, பிறகு எதற்கு இவ்வளவு நேரம் கதை சொன்னேன்?

ஆகவே அந்தச் சீட்டை இப்படியே ஒட்டுகிறேன்:

. . . . . . . . . . . . . . . .

நீங்களும் நிரப்பாதீர்கள். அவள் அங்கேதான் இருக்கிறாள், அறை திறந்திருக்கிறது. போய்க் கேளுங்கள்.