கிளியம்மாள் அழுத வீடியோ

"நெட்டுல போட்டத எடுக்கணும்னா யாரப் போயி பாக்கணும்?"

கிளியம்மாள் அத்தை கேட்டாள். நான் வேலை செய்யும் பிரவுசிங் சென்டரின் வாசற்படியில், மீன் கூடையைப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னேன். ஏசி ரூமில் மீன் வாடை நின்றுவிடும், உன் முதலாளி உன்னைத்தான் திட்டுவார் என்று வர மறுத்துவிட்டாள்.

"முனிசிபாலிட்டி ஆபீஸ் மாரி எங்கனா ஒரு ஆபீஸ் இருக்கும்ல. எடத்தச் சொல்லு. நானே போயி கால்ல உழுந்து கேக்கறேன்."

அத்தை என் அக்கா கீதாவின் மாமியார். பனையூர்ப் பக்கம் கடலோரக் குப்பத்தில் வீடு. விடியும்போதே மீன் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துத் தாம்பரம் வருவாள். தெருத்தெருவாக விற்றுக்கொண்டே சிட்லபாக்கம் வரை போய், வெயில் ஏறியதும் திரும்புவாள். அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அதனால் ஒரே பிள்ளையான உதயா மாமாவைக் கட்டுமரத்தில் கால் வைக்க விடவில்லை. மாமா மேடையில் ஆடுகிறவரானார். நடிகர் ஜெயநாதனுக்கு டூப். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று எங்கே ஆர்க்கெஸ்ட்ரா நடந்தாலும் விக்கும் கூலிங் கிளாசும் போட்டுக்கொண்டு அவர் மாதிரியே நடந்து வந்து ஆடுவார். நோட்டீசில் 'ஜூனியர் ஜெயநாதன்' என்று போடுவார்கள். உதயா என்ற பெயரை நான் எந்த நோட்டீசிலும் பார்த்ததில்லை.

நான் பத்தாவதைப் பாதியில் விட்டவள். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்குக் குரல் வராது. டீச்சர்கள் அதைத் திமிர் என்று நினைத்தார்கள். பள்ளிக்கூடம் நின்ற பிறகு ஊரப்பாக்கத்தில் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு தாம்பரத்துக்கு ரயிலில் வேலைக்கு வந்தேன். சென்டருக்கு வருகிறவர்கள் கம்ப்யூட்டரோடு பேசிக்கொள்வார்கள். என்னோடு யாரும் பேச வேண்டியிருக்கவில்லை.

அத்தை படியில் வந்து உட்காருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, மழை தொடங்கிய வாரத்தில் ஜெயநாதன் இறந்துபோனார். ஷூட்டிங்கில் மாரடைப்பு. டிவியில் வருவதற்கு முன்பே எல்லார் போனிலும் எஸ்எம்எஸ் வந்துவிட்டது. அன்று சென்டரில் ஒரு சீட்டும் காலியில்லை, வெளியே ஆட்கள் குடையோடு காத்திருந்தார்கள். எல்லாத் திரையிலும், அப்போது எல்லாரும் கணக்கு வைத்திருந்த ஆர்குட். தங்கள் போட்டோவை எடுத்துவிட்டு அவர் போட்டோவை வைத்துக்கொண்டார்கள். காலேஜ் பெண் ஒருத்தி ஹெட்போனில் எதையோ கேட்டுக்கொண்டே சத்தமில்லாமல் அழுதாள். ஒருவர் 'இந்த இழப்பைத் தாங்க முடியவில்லை' என்று அடித்துவிட்டு, அடுத்த விண்டோவில் மதுரைக்கு ரயில் டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்தார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டும் உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

மேற்குத் தாம்பரம் ரசிகர் மன்றச் செயலாளர் வினோத்குமார் பென் டிரைவோடு வந்தார். பைக் மெக்கானிக். கண் சிவந்து வீங்கியிருந்தது. அஞ்சலி பேனருக்குப் படம் தேடினார். ஜெயநாதன் படங்கள் நெட்டில் நூறு நூறாகக் கிடந்தாலும் எல்லாம் தம்மாத்துண்டு, பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். ஒரே ஒரு படம்தான் பெரிதாகவும் தெளிவாகவும் கிடைத்தது. அதைக் காப்பி செய்துகொண்டு ஃபிளெக்ஸ் கடைக்கு ஓடினார். அது உதயா மாமா குரோம்பேட்டை ஸ்டுடியோவில் தன்னையே அந்த வேஷத்தில் எடுத்து, ஜெயநாதன் என்ற பெயரிலேயே ஆர்குட்டில் போட்டு வைத்திருந்த படம்.

மறுநாள் சாயங்காலம் ரயிலுக்குப் போகும்போதுதான் நான் பேனரைப் பார்த்தேன். பஸ் ஸ்டாப்பை மறைத்துக்கொண்டு இரண்டு மாடி உயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். கீழே வரிசையாக மன்றத்துக்காரர்களின் தலைகள். மேலே கூப்பிய கைகளோடு மாமா. ஃபிளெக்ஸ் கடையில் முகத்தை வெள்ளையாக்கியிருந்தார்கள். ஆனால் இடது புருவத்தின் மேல், சின்ன வயதில் தூண்டில் முள் கிழித்த தழும்பு அப்படியே இருந்தது. நிஜமான சம்பங்கி மாலை, கற்பூரம், கீழே ஊற்றிய பால். அத்தனை கூட்டத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வீட்டில் சொன்னேன். மாமா நம்பவில்லை. உடனே சட்டையை மாட்டிக்கொண்டு ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

"கீதா, என் மூஞ்சிக்குக் கற்பூரம் காட்டறானுங்க. ஒரு பொம்பள கொழந்தையத் தூக்கிக் காட்டி, கும்புட்டுக்கோன்னுது."

அக்கா குழம்பைக் கலக்குவதை நிறுத்திவிட்டாள். "உசுரோட இருக்கறவருக்கு மாலை போட்டிருக்காங்க. உங்களுக்குச் சிரிப்பா இருக்கா? போய்க் கழட்டச் சொல்லிட்டு வர வேண்டியதுதானே."

"அஞ்சலி பேனர்ல கை வெச்சா தோல உரிச்சுடுவானுங்க. நாலு நாள்ல அவனுங்களே அவுத்துடுவானுங்க, வுடு."

"உங்கம்மா தெனம் அந்த வழியாத்தானே வருது. ஒரு வார்த்தை சொல்லி வைங்க."

"அதுக்குப் படிக்கத் தெரியுமா இன்னா? அது பாட்டுக்குத் தலய குனிஞ்சிக்கினு மீன் வித்துக்கினு போவும்." கண்ணாடி முன்னால் நின்று தலையை வாரினார். ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதும் அங்கேயேதான் நின்றிருந்தார்.

மறுநாள் காலையில் நான் சென்டர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பேனர் பக்கம் அடித்த பறைச் சத்தத்துக்கு நடுவில் ஒரு குரல் கேட்டது. முதலில் யாரோ ரசிகை என்றுதான் நினைத்தேன். அப்புறம் குரல் அடையாளம் தெரிந்து ஓடினேன்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாதுதான். மாலை என்றால் என்னவென்று தெரியும். கூடை கவிழ்ந்து சங்கராவும் நெத்திலியும் ரோட்டில் கிடந்தன. அவள் தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பன கடல் தின்னுச்சின்னு உன்னக் கரையிலயே வெச்சிருந்தேனே, என் ராசா. கரையில உன்ன எது தின்னுச்சி? நேத்து பேசினியே, இன்னிக்கு மாலயோட நிக்கறியே. பெத்தவகிட்ட ஒருத்தனும் சொல்லலியே."

சுற்றி நின்ற பெண்களும் அழுதார்கள். வினோத்குமார் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். நான் அத்தையின் தோளைப் பிடித்து, "மாமா வீட்ல இருக்கார் அத்தை, மாமா நல்லா இருக்கார்" என்றேன். பறைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் என்னையும் கட்டிக்கொண்டு அழுதாள். திரும்பி ஓடிப்போய் சென்டர் போனிலிருந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

மாமா வந்து சேர்வதற்குள் அத்தைக்குக் குரல் போய்விட்டது. கூட்டமும் கலைந்திருந்தது. மாமாவைப் பார்த்ததும் எழுந்தாள். முகத்தை, கையை, காலை எல்லாம் தடவிப் பார்த்தாள். அப்புறம் ஓங்கிக் கன்னத்தில் ஒன்று விட்டாள். அவர் சட்டையைப் பிடித்த கையை பஸ் ஏறும்வரை விடவில்லை. "யாரோ படத்த மாத்திப் போட்டுட்டானுங்கம்மா, எனக்கே இப்பதான் தெரியும்" என்று மாமா சொல்லிக்கொண்டே நடந்தார்.

அதை யாரும் படம் எடுக்கவில்லை. அதற்குள் வினோத்குமார் எங்கள் சென்டரிலேயே உட்கார்ந்து வீடியோவை யூடியூபில் ஏற்றிவிட்டிருந்தார். 'தலைவனுக்காகக் கதறும் மீனவத் தாய்' என்று பெயர்.

அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொன்னால் அத்தைக்குப் புரிந்திருக்காது. மலேசியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் எழுதினார்கள். 'இந்தத் தாய்க்கு அவர் யார்? பெறாத பிள்ளை' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'காசு வாங்கிக்கொண்டு அழுகிறாள்' என்று இன்னொருவர். அவரைத் திட்டி ஒரு பெரிய கூட்டம். ஒரு டிவியில் செய்திக்கு நடுவே போட்டார்கள். சிட்லபாக்கத்தில் ஒரு ரிடையர்ட் சார் வீட்டில் அத்தையை நிறுத்தி, நீதானே அந்த அம்மா என்று கேட்டு, கம்ப்யூட்டரில் அவளுக்கே அவளைக் காட்டியிருக்கிறார்கள். அங்கிருந்துதான் நேராக என்னிடம் வந்திருந்தாள்.

"நா அழுதது என் புள்ளைக்குடி," என்றாள் படியில் உட்கார்ந்தபடி. "சாவுக்கு அழுதா தலை முழுவணும். முழுவினாதான் அந்த அழுக ஓயும். அன்னிக்கே போயி கடல்ல முழுவிட்டேன். இது இன்னாடான்னா தெனம் அழுவுது. எவனோ எங்கியோ தட்டறான், நா அழுவறேன், என் புள்ள சாவுறான். மறுக்கா தட்டறான், மறுக்கா சாவுறான். நா எத்தினி வாட்டி முழுவறது?"

அவள் போன பிறகு வீடியோவின் கீழே புகார் சொல்லும் இடத்தை அழுத்தினேன். என்ன காரணம் என்று கேட்டது. ஆபாசம், வன்முறை, இன்னும் என்னென்னவோ இருந்தன. அத்தையின் காரணம் அதில் இல்லை. ஏதோ ஒன்றை அழுத்தி அனுப்பினேன். தினமும் திறந்து, எடுத்துவிட்டார்களா என்று பார்த்தேன். நான் திறந்ததும்கூடப் பார்த்தவர்கள் கணக்கில்தான் சேர்ந்தது.

கடைசியில் வினோத்குமார் வந்தபோது எழுந்து போய்க் கேட்டேன். அவ்வளவு பெரிய வாக்கியத்தை அந்த சென்டரில் நான் பேசியதில்லை.

"அண்ணா, அந்த வீடியோவ எடுத்துடறீங்களா? அவங்க அழுதது அவங்க பையனுக்கு."

"தெரியும்மா. வீடியோ ஏத்தினப்புறம் உங்க மாமா சொல்ட்டாரு." குரலைத் தாழ்த்தினார். "இப்பப் போயி படம் மாறிப்போச்சின்னு சொன்னா ஊரு சிரிக்காது? தலைவர் சாவுல போயி காமெடி பண்ணிட்டானுங்கன்னு எழுதுவானுங்க. அந்தம்மா அழுததப் பாத்துட்டு எங்கம்மா ரெண்டு நாளா சோறு துன்னல, தெரியுமா?"

"அவங்க ரொம்பக் கஷ்டப்படறாங்கண்ணா."

"உங்க மாமாவே கம்முனு கீறாரு, நீ இன்னாத்துக்கு பேஜார் பண்ற? அவரு ஒரு வார்த்த எடுன்னு சொல்லட்டும், இங்கியே ஒக்காந்து எடுக்கறேன்."

இதை அத்தையிடம் சொன்னதும் அவள் முகம் தெளிந்தது. "அவ்ளோதானா? என் புள்ள சொல்லணும், அவ்ளோதானே?" என்று இரண்டு தடவை கேட்டாள். நானும் அவ்வளவுதான் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊரப்பாக்கத்துக்கு வந்தாள். விற்காமல் எடுத்து வைத்த பெரிய வஞ்சிரம் கையில் இருந்தது. உள்ளே வினோத்குமார் மாமாவோடு உட்கார்ந்து ஒரு நோட்டீசைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயநாதன் போனதிலிருந்து மாமாவுக்கு ஓய்வே இல்லை. செத்த மனுஷனைப் பார்க்க எல்லா ஊரும் ஆசைப்பட்டது.

அத்தை யாரிடமும் ஒன்றும் கேட்காமல் பின்கட்டு வாசலில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தாள். மீனை அறுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "உதயா, இந்தத் தம்பியும் இங்கதான் கீது. அந்த வீடியோவ எடுத்துடச் சொல்லுடா."

"அம்மா, நல்ல நேரத்துல வந்த," என்றார் மாமா. "சேலையூர் கிரவுண்டுல பெரிய நினைவஞ்சலி வெக்கறாங்க. நாந்தான் மெயின். நீயும் வரணும்."

"நா எதுக்கு?"

"நீ ஒண்ணும் பேச வேணாம். நா ஆடி முடிச்சி, கைகூப்பி நிப்பேன். நீ கூட்டத்துலேர்ந்து மேடைக்கு வந்து, அன்னிக்கு அழுத மாரி கொஞ்சம் அழுதுட்டேன்னா போதும். உன்னப் பாக்கணும்னு ஜனம் கேக்குது."

"என்னங்க, வேணாம்," என்றாள் அக்கா.

"நீ சும்மா இருடி. அம்மா, ஒரே ஒரு வாட்டி."

"நா எடுக்கச் சொல்லிக்கினு கீறேன்," என்றாள் அத்தை. மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ இன்னொருவாட்டி அழச் சொல்ற."

வினோத்குமார் சமாதானம் செய்ய நினைத்தார். அவர் கெட்டவரில்லை.

"கோச்சுக்காதீங்கம்மா. உங்க புள்ளைக்கு எவ்ளோ பெருந்தன்மை தெரியுமா? வேற ஒருத்தரா இருந்தா தம் போட்டோக்கு மாலை போட்டதப் பாத்து சண்டைக்கு வந்திருப்பாரு. இவரு பேனர் கட்டின அன்னிக்கு சாயங்காலமே வந்து பாத்தாரு. மூஞ்சி சூப்பரா வந்துக்குது, அப்பிடியே இருக்கட்டும், யாருக்கும் சொல்லாதன்னு என் தோள்ல தட்டிட்டுப் போனாரு."

அரிவாள்மணையின் சத்தம் நின்றது.

"கட்டின அன்னிக்கா?" என்றாள் அத்தை.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நா பாத்ததுக்கு மொத நாளா?"

"அம்மா, நீ பாப்பேன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் மாமா. "நாலு நாள்தானேன்னு வுட்டேன். எத்தினி வருஷமா ஆடறேன், ஒருத்தனாவது என் மூஞ்சிய நின்னு பாத்திருக்கானா? நீயே சொல்லு."

அத்தை மிச்சத் துண்டுகளையும் அறுத்து முடித்தாள். மீனைக் கழுவி, உப்பும் மஞ்சளும் பிசறி, தட்டு போட்டு மூடி அக்கா பக்கம் நகர்த்தினாள். குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னறை வழியாக நடந்தாள். மாமா எழுந்து வழியில் நின்றார். அவர் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு சுவரோரமாக விலகி, அவர் மேல் படாமல் தாண்டினாள்.

"அத்தை, சாப்பிட்டுட்டுப் போங்க," என்று அக்கா வாசல் வரை ஓடினாள்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரில் இறங்கி, ஸ்டேஷன் பக்கம் போய்விட்டாள்.