எழுதாத கறுப்பு

அந்த ஸ்கேன் மையத்தில் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவள் பொறுப்பு. பிரிண்டர் மக்கர் செய்தாலும் அவள்தான், ஏசி சொட்டினாலும் அவள்தான். டாக்டர் அவளை 'இன்ஜினியரம்மா' என்று கூப்பிடுவார். முணுமுணுத்துக்கொண்டே எல்லா வேலையையும் செய்து முடித்துவிடுவாள்.

அன்று காலை அவள் எண்களை எடுத்ததே கொஞ்சம் மார்தட்டிக்கொள்ளத்தான். மூன்று வாரத்துக்கு முன் ஸ்கேன் இயந்திரத்தின் வட்டு நிரம்பி வழிந்தபோது, அவள் சின்னதாக ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். ஒரு நோயாளியின் கோப்பை இயந்திரம் எழுதி முடித்த அடுத்த நொடியே, அது பெரிய சேமிப்புக்கு நகலாகிவிடும். நகலின் நீளம் அசலின் நீளத்தோடு ஒத்துப்போனால் அசல் அழிந்துவிடும். எவ்வளவு இடம் மிச்சமாகியிருக்கிறது என்று டாக்டருக்குக் காட்ட ஒரு பட்டியல் போட்டாள்.

மிச்சம் அவள் நினைத்ததைவிட அதிகமாக இருந்தது. யாராவது சும்மா கொடுக்கிறார்கள் என்றால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். தோண்டிப் பார்த்தாள். பெரிய சேமிப்பில் முப்பத்தொரு கோப்புகள் தங்கள் நீளத்துக்கு உரிய இடத்தைப் பிடிக்காமல், குறைவாகப் பிடித்திருந்தன.

ஒரு கோப்பில் எழுதாமல் விட்ட பகுதி இருந்தால், அதற்காகக் கம்ப்யூட்டர் வட்டில் இடத்தை வீணாக்காது. 'இங்கே ஓட்டை' என்று மட்டும் குறித்துக்கொள்ளும். யாராவது படிக்க வந்தால் அந்தப் பகுதியைப் பூஜ்யங்களாகக் காட்டும். படத்தில் பூஜ்யம் என்றால் கறுப்பு. ஆனால் ஸ்கேன் இயந்திரம் எதையும் எழுதாமல் விடாது. வெறும் காற்றைப் படம் பிடித்தாலும் அந்தக் கறுப்பைப் புள்ளி புள்ளியாக எழுதித்தான் வைக்கும். எழுதிய கறுப்பு இடம் பிடிக்கும், எழுதாத கறுப்பு இடம் பிடிக்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஸ்கேன் கோப்பில் ஓட்டை இருக்க வழியே இல்லை. இருந்தது.

பத்து நிமிடத்தில் காரணமும் பிடிபட்டது. அந்த 'அடுத்த நொடி'தான். இயந்திரம் எழுதுவது முதலில் நினைவகத்தில் நிற்கும், சில நொடி கழித்துத்தான் வட்டில் இறங்கும். நகலெடுக்க அவள் எழுதிய நிரலுக்கோ அவசரம். எங்கே எழுத்து, எங்கே ஓட்டை என்று கேட்டு, ஓட்டையைத் தாண்டிப் போய்விடும். இன்னும் வட்டில் இறங்காத கடைசிப் பகுதிக்கு, 'அங்கே ஓட்டை' என்று பதில் வந்திருக்கிறது. நிரலும் நம்பிவிட்டது. நீளம் அச்சு அசலாக ஒத்துப்போனது. அசல் அழிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை.

பட்டியலில் இருபத்தாறாவது, அவள் அக்கா.

அக்காவை வீட்டில் குண்டூசி என்பார்கள். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும். பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். மூன்று மாதமாக இருமல், இரண்டு முறை சளியில் ரத்தம். "நூல் தூசிடீ, விடு" என்று தட்டிக் கழித்தவளைப் பத்து நாளைக்கு முன் இவள்தான் கையைப் பிடித்து இங்கே இழுத்து வந்து ஸ்கேனுக்குப் படுக்க வைத்தாள். நுரையீரலில் ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அக்கா மறுநாளே இருமலுக்குப் பார்க்கும் டாக்டரோடு இருந்த அடுத்த சந்திப்பை ரத்து செய்துவிட்டாள்.

அக்காவின் கோப்பைத் திறந்தாள். மொத்தம் இருநூற்று நாற்பது படங்கள், கழுத்திலிருந்து கீழ்நோக்கி. இருநூற்றைந்திலிருந்து கடைசிவரை ஓட்டை. முழுக் கறுப்பாக இருக்கும் படங்களை டாக்டரின் பார்வைத்திரை தானாகவே ஒதுக்கிவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த வசதியையும் அவள்தான் போட்டுக் கொடுத்திருந்தாள். நுரையீரலின் அடிப்பகுதியை யாருமே பார்க்கவில்லை.

அக்காவை மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லிக் கூப்பிட்டு இன்னொரு முறை எடுத்துவிட்டால் என்ன, வேறு யாருக்கும் தெரிய வேண்டாமே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பட்டியலை அச்செடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனாள்.

டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"சில படங்கள் அடியில சீக்கிரம் முடிஞ்சிட்ட மாதிரி இருந்துச்சும்மா. எடுத்தவங்க முன்னாடியே நிறுத்திட்டாங்கன்னு நினைச்சு நானும் கையெழுத்துப் போட்டுட்டேன்."

இயந்திரத்தில் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று கேட்டார். இல்லை என்றாள். முப்பத்தொரு பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டும், இன்றைக்கே தொடங்க வேண்டும், முதலில் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் வரட்டும் என்றார். பக்கத்தில் இருந்தது அக்காதான்.

அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே அக்கா வந்தாள். படம் சரியாகப் பதியவில்லை, தப்பு என்னுடையது என்று இவள் சொன்னதும், ஒரு ஜாக்கெட் தப்பாய்த் தைத்தால் வாடிக்கையாளர் என்னை உரித்துவிடுவார், உன்னை யாரும் கேட்பதில்லையா என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அக்கா அடங்கிப்போனாள். நாடாவைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கைகளைத் தலைக்கு மேலே தூக்கிப் படுத்தாள்.

நகலெடுக்கும் நிரலை அவள் ஏற்கெனவே நிறுத்தியிருந்தாள். இருந்தும் கோப்பு முழுவதும் வட்டில் இறங்கிவிட்டதா, ஓட்டை இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தாள். இல்லை. டாக்டர் இயந்திரத்தின் திரையிலேயே படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். இருநூற்று மூன்று, நான்கு. இருநூற்றைந்தில் படம் இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. ஒன்றும் இருக்கக் கூடாது, ஒன்றும் இருக்கக் கூடாது என்று அவள் உதடு முணுமுணுத்தது.

இருநூற்று இருபத்திரண்டில் டாக்டரின் கை நின்றது. ஒரு படம் பின்னால் போனார், இரண்டு படம் முன்னால் வந்தார். சாம்பலும் கறுப்புமாக இருந்த இடத்தில் பட்டாணி அளவுக்கு வெள்ளையாக ஒன்று. அதன் குறுக்கே அளவுகோட்டை இழுத்துப் பார்த்தார்.

"பத்து நாளைக்கு முன்னாடியும் இருந்திருக்குமா டாக்டர்?"

"இருந்திருக்கும்."

என்னவென்று ஊசியால் துளி சதை எடுத்துச் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் வந்தது. "முடிஞ்சுதாடீ? கைய கீழ போடலாமா?"

அவள் பேசும் பொத்தானை அழுத்தினாள்.

"போடலாம்க்கா" என்றாள். "அங்கேயே இரு. நான் உள்ள வரேன்."

மேஜைமேல் மற்ற முப்பது பேரின் போன் எண்கள் இருந்தன. டாக்டர் ரிசீவரை எடுத்து முதல் எண்ணை அழுத்தத் தொடங்கினார். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு அக்காவிடம் போனாள்.