ஆறாம் நம்பர்

கடையில் அவனுக்கு ஸ்கேல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. படி ஏறும்போதே ஆளின் காலைப் பார்த்துவிட்டு, "எட்டு, கொஞ்சம் அகலம்" என்று உள்ளே குரல் கொடுத்துவிடுவான். கால் அளக்கிற பலகை ஒன்று மூலையில் கிடந்தது. அதன்மேல் பில் போடுகிற பெண் தன் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொள்வாள். அவனுக்கு இருபத்தாறு வருஷ அனுபவம். தலைக்கனத்துக்கும் ஏறக்குறைய அதே வயசு.

பொய் சொல்லக்கூடாது, பத்துக்கு ஒன்பது சரியாகத்தான் இருக்கும். அந்தப் பத்தாவது ஆளுக்காக ஒரு கேள்வி வைத்திருந்தான். "வலிக்குதா?" வலிக்கிறது என்றால் அடுத்த நம்பர். வலிக்கவில்லை என்றால் பில். அந்தக் கேள்வி அவனைக் கைவிட்டதே இல்லை.

அக்கா கடைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அவள் கணக்கு டீச்சர், நாள் முழுக்க நின்றபடியே பாடம் நடத்துகிறவள். பதினோரு வருஷமாகச் சர்க்கரை. பாதம் மரத்துப்போய், நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியவில்லை. மூடின ஷூ வாங்கிப் போடச் சொல்லியிருந்தார் டாக்டர். கூடவே இரண்டு டீச்சர்களையும் அழைத்து வந்திருந்தாள், தம்பியின் வித்தையைக் காட்ட.

"எம் தம்பி கண்ணாலயே அளந்துடுவான், பாருங்க" என்றாள்.

அவன் கண்ணால்கூட அளக்கவில்லை. அக்கா கல்யாணத்துக்குச் செருப்பு வாங்கியது அவன். அன்றைக்கு ஆறு, ஆகவே இன்றைக்கும் ஆறு. வயது ஏற ஏறப் பாதம் பரந்துகொடுக்கும், நின்றே வேலை செய்தால் சாயங்காலம் வீங்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாதா என்ன? வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவனே சொல்வதுதான். ஆனால் அது மற்றவர்களின் கால். அக்காவுக்கு எப்படி வயதாகும்?

ஷூ ஏறுவதற்குக் கொஞ்சம் முரண்டு பிடித்தது. குதிகாலில் ஷூ மாட்டுகிற தகட்டை வைத்து நெம்பி ஏற்றினான்.

"வலிக்குதாக்கா?"

"கொஞ்சங்கூட வலிக்கலடா."

டீச்சர்கள் இருவரும் கை தட்டாத குறை. அவனுக்குக் காற்றில் மிதப்பதுபோல் இருந்தது. "வீட்டுக்குள்ளயும் இதையே போட்டுக்க. வெறுங்கால்ல நடக்காத" என்று உபதேசம் வேறு செய்து அனுப்பினான்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனான். அவள் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். துண்டின் நுனியால் விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள். குதிகாலுக்குக் களிம்பு தடவினாள், இடுக்கில் படாமல். பிறகு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, பாதத்தை அதன்மேல் தூக்கிப் பிடித்து அடிப்பக்கம் முழுவதும் பார்த்தாள். நர்ஸ் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் தினமும் தவறாமல் செய்கிறவள். இதை எல்லாம் முடித்துவிட்டு டீ போட உள்ளே போனாள்.

வாசலில் ஷூ கிடந்தது. தொழில் புத்தி, கை தானாகப் போய் எடுத்தது. இடது ஷூவின் வெளிப்பக்கம், சுண்டுவிரல் இருக்கிற இடம், சோற்றை வாய்க்குள் அடக்கிக்கொண்ட குழந்தையின் கன்னம்போல் புடைத்திருந்தது. உள்ளே விரலை விட்டான். துணி தேய்ந்து தையல் முடிச்சு நெருடியது. இதற்கு ஸ்கேல் தேவையில்லை. கடையில் நேற்றுச் சேர்ந்தவன்கூடச் சொல்லிவிடுவான், இது ஒரு நம்பர் சின்னது என்று.

"என்னடா பாக்கற?" அக்கா டீயோடு நின்றாள்.

சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. அக்கா, இது சின்னது. ஆனால் அந்த இரண்டு டீச்சர்களின் முகம் அவன் கண்முன் வந்தது. பள்ளிக்கூடம் முழுக்கப் பேச்சாகிவிடும். ஏழாம் நம்பர் கடையில் தீர்ந்துபோயிருந்தது, அடுத்த வாரம் சரக்கு வரும், அப்போது சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று மனசு ஒரு வழி சொல்லிக்கொடுத்தது. தப்பிக்கிற வழி என்றால் மனசு உடனே சொல்லிக்கொடுத்துவிடும்.

"ஒண்ணுமில்லக்கா. நல்லா உழைக்குது" என்றான்.

அடுத்த வாரம் சரக்கு வந்தது. கூடவே கூட்டமும் வந்தது. அவன் மறந்துபோனான். மறந்துபோனான் என்று அவனாகச் சொல்லிக்கொண்டான்.

போன் வந்தது அதற்குப் பிறகு மூன்று வாரம் கழித்து. சுண்டுவிரல் ஓரத்தில் கொப்புளம் வந்து, உடைந்து, பத்து நாளாகப் புண்ணாக இருக்கிறதாம். "பாத்ரூம் செருப்புதான் கடிச்சிருக்கும்போல. அதைத் தூக்கிப் போட்டுட்டேன். இப்ப எந்நேரமும் உன் ஷூதான். நீ சொன்ன மாதிரி வீட்டுக்குள்ளயும் கழட்டறதே இல்ல."

"ஷூவைப் போடாதக்கா" என்றான்.

"ஏண்டா?"

"புண்ணுல காத்துப் படட்டும்னுதான்."

அப்போதும் பாதி உண்மைதான் வாயில் வந்தது.

அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் அவனே லீவு போட்டுவிட்டுக் கட்டு மாற்ற அக்காவைக் கூட்டிப்போனான். ஆட்டோவிலிருந்து தாங்கிப் பிடித்து இறக்கினான். பஞ்சு, துண்டு, களிம்பு என்று பை நிறைய வாங்கிக் குவித்தான். "பெத்த பிள்ளைகூட இப்படிப் பாக்காது" என்று பக்கத்தில் காத்திருப்பவர்களிடம் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவனுக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. இருபத்தாறு வருஷம் செருப்பு விற்றவனுக்கு அதுகூடக் கிடைக்காவிட்டால் எப்படி?

நாலாவது வாரம் கட்டைப் பிரித்த நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். "ஆறலையே" என்றாள்.

அவன் காதில் அது 'ஆறு இல்லையே' என்று விழுந்தது. சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். நர்ஸ் புண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வந்தார். மெல்லிய கம்பி ஒன்றைப் புண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். அக்கா ஜன்னலைப் பார்த்தபடி சாதாரணமாக உட்கார்ந்திருந்தாள், யார் காலையோ தொடுகிறார்கள் என்பதுபோல.

"எலும்பு வரைக்கும் போயிருக்கு டீச்சர். சுண்டுவிரலை எடுத்துடணும். நாளைக்கே எடுத்தா பாதத்தைக் காப்பாத்திடலாம்."

"நின்னு பாடம் எடுக்க முடியுமா?" என்று கேட்டாள் அக்கா.

"முடியும். கொஞ்ச நாளாகும். போட்டுக்கிட்டிருந்த ஷூவைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேனே?"

அவன்தான் பையில் வைத்திருந்தான். எடுத்துக் கொடுத்தான். டாக்டர் ஒரு வெள்ளைத்தாளைத் தரையில் போட்டு, அக்காவை அதன்மேல் நிற்கச் சொல்லி, பாதத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு இழுத்தார். அந்தக் கோட்டின்மேல் ஷூவை வைத்தார். ஷூவுக்கு வெளியே இரண்டு பக்கமும் கோடு தெரிந்தது. ஒரு தாள், ஒரு பேனா. அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"இதை யார் கொடுத்தாங்க?"

"ஏதோ ஒரு கடையில வாங்கினேன் டாக்டர். போற வழியில" என்றாள் அக்கா, கண் இமைக்காமல். பிள்ளைகள் பொய் சொன்னால் பெஞ்சுமேல் நிற்கவைக்கிறவள் அவள். கோட்டைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதற்குமேல் அவனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "நாந்தான் கொடுத்தேன் டாக்டர். நான் ஷூ கடையில இருக்கேன். அளக்காமக் கொடுத்தேன். வலிக்குதான்னு கேட்டேன், வலிக்கலன்னாங்க."

"விடுடா" என்று அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணும்னா செஞ்ச?"

டாக்டர் நல்ல மனுஷர். திட்டவில்லை. "இந்த மாதிரிக் காலை வலிக்குதான்னு கேக்கவே கூடாது தம்பி. எதைக் கேட்டாலும் இல்லன்னுதான் சொல்லும். நாமதான் பாக்கணும். இதோ, இந்தப் பக்கம் எப்படிப் புடைச்சிருக்கு பாருங்க. புண்ணு வர்றதுக்கு முன்னாடியே ஷூ காட்டிக்கொடுத்திருக்கு. யாராவது ஒருத்தர் இதைக் கவனிச்சிருந்தா விரல் தப்பிச்சிருக்கும். வீட்டுல யார் ஷூவை எடுத்துப் பாக்கறாங்க? நீங்களும் பாத்திருக்க மாட்டீங்க. மனசைப் போட்டு வருத்திக்காதீங்க."

அதோடு விட்டிருக்கலாம். டாக்டரே கதவைத் திறந்துவிட்டார், அக்காவும் மன்னித்தாயிற்று. தலையாட்டிவிட்டு வெளியே போய் ஆபரேஷனுக்குச் சீட்டுப் பதிந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அக்காவின் கை அவன் கைமேல் சூடாக இருந்தது. அந்தச் சூட்டை அவனால் தாங்க முடியவில்லை.

"பாத்தேன்" என்றான்.

டாக்டருக்கு விளங்கவில்லை. அக்காதான் அவன் பக்கம் திரும்பினாள்.

"எப்படா?"

"வீட்டுக்கு வந்தேனே, அந்த ஞாயித்துக்கிழமை. நீ டீ எடுத்துட்டு வந்தப்ப கையில வச்சிருந்தேனே. சின்னதுன்னு அப்பவே தெரியும்க்கா. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

கணக்கு டீச்சர் மனசுக்குள் நாட்களைக் கழித்துப் பார்த்தாள். அவள் உதடுகள் அசைவதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். விடை வந்ததும் அவள் கை அவன் கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

"அன்னைக்கு எனக்குப் புண்ணே இல்லையேடா" என்றாள்.